மாநாட்டில் கேட்ட பாட்டைச் சபையில் பாட வைப்பது எப்படி?

ஆராதனை மாநாட்டிலிருந்து திரும்பும்போது நோட்டு நிறையக் குறிப்பும் போன் நிறைய வீடியோவும் இருக்கும். வருகிற ஞாயிறே எல்லாவற்றையும் இறக்கிவிடக் கை துறுதுறுக்கும். நான் அப்படித்தான் ஒரே ஆராதனையில் நான்கு புதுப் பாட்டு வைத்தேன். மைக் முன்னால் நாங்கள் ஐந்து பேர் பாடினோம், சபை கையைக் கட்டிக்கொண்டு பார்த்தது. அதற்கப்புறம் பழகிக்கொண்ட வழி இது.

படி 1: நோட்டை ஒரு வாரம் மூடி வையுங்கள். அதன் பிறகும் வாயில் வருகிற ஒரே பாட்டை மட்டும் எடுங்கள்.

படி 2: ஆயரிடம் போய், ஆராதனை முறைமையில் எந்த இடம் கொடுப்பார் என்று கேளுங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற சபையில், அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து நேரம்தான் நல்ல இடம். பந்தி பந்தியாக எழுந்து போகிறவர்கள் கையில் புத்தகம் இருக்காது, சின்னப் பல்லவி போதும். பிரான்ஸில் உள்ள தெசே துறவியர் சமூகத்தில் பல நாட்டு மக்கள் கூடுவதால், ஒன்றிரண்டு வரிகளையே திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். அந்த வகைப் பாட்டு இங்கே கச்சிதமாகப் பொருந்தும்.

படி 3: ஸ்கேலை இறக்குங்கள். பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான். மாநாட்டுப் பாடகரின் உச்சம் உங்கள் சபைக்கு எட்டாது, அதுவும் காலை எட்டரை மணித் தொண்டைக்கு! பாட்டின் உச்ச சுரத்தைக் கீபோர்டில் தேடுங்கள். நடு சி-க்கு அடுத்த சி, அதற்குப் பக்கத்து டி, அதுவரை பெண்கள் சிரமமில்லாமல் போவார்கள். ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். உச்சம் எஃப்-இல் நின்றால் கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸில் மைனஸ் 3 வையுங்கள், டி-க்கு வந்துவிடும். இறக்கியதும் அடிச்சுரம் நடு சி-க்குக் கீழுள்ள ஏ-யையும் தாண்டிப் போகிறதா? அப்படியானால் அது தனிக்குரல் பாட்டு, விட்டுவிடுங்கள்.

படி 4: முதலில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் சொல்லிக் கொடுங்கள். பெஞ்சுகளுக்கு நடுவே நான்கு பேர் தைரியமாகப் பாடினால், மைக்கில் பத்துப் பேர் பாடுவதைவிடச் சபை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஞாயிறு ஆராதனைக்கு முன் ஐந்து நிமிடம், வாத்தியமில்லாமல், வரி வரியாக. நான்கு வாரம் அதே பாட்டு. வரிகளைத் திரையில் போடவோ நேரலையில் பாடவோ உரிமையாளரின் அனுமதி வேண்டுமா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 5: சபை பாடிப் பழகிய பாமாலைப் பாட்டையும் கீர்த்தனையையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வைக்காதீர்கள். முன்வரிசைப் பாட்டி கோபித்துக்கொண்டால் அதில் நியாயம் உண்டு. ஆனால் அவருடைய கீர்த்தனையும் ஒரு காலத்தில் புதுசுதான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக இசையில் கிறிஸ்தவப் பாட்டுகள் கட்டிய நாளில் அவை புதுப் பாட்டுகள்தானே? பாட்டியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஆனால் பணிவாக.

நான்காம் ஞாயிறு, கடைசிச் சுற்றில் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். பாட்டு நின்றுவிட்டால் இன்னும் இரண்டு வாரம் அதையே பாடுங்கள். நிற்காமல் போனால் நோட்டைத் திறந்து அடுத்ததைப் பார்க்கலாம்.