வெனீர் சித்திர வேலை: முதலில் திறப்பு, பிறகு துண்டு

பல நிற வெனீர்களை, அதாவது மெல்லிய மரத் தகடுகளை, இடைவெளியின்றிப் பொருத்திச் சித்திரம் அமைக்கும் மரவேலையைக் கற்பிப்பவர்கள், எல்லாத் துண்டுகளையும் தனித்தனியே வெட்டிச் சேர்க்கச் சொல்லாமல், சன்னல் முறையிலிருந்து தொடங்குவதே நல்லது. பின்னணி வெனீரில் ஓர் இலையின் வடிவத்தை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு, அந்தத் திறப்பின் அடியில் இலைக்கான வெனீரை வைத்து மெல்ல நகர்த்தியும் திருப்பியும் பார்த்தால், மர ரேகைகள் இலை நரம்புகளாகவே ஓடும் இடம் கண்ணுக்குப் புலப்படும். இந்த வேலையின் அழகில் பெரும்பகுதி அந்தத் தேடலில்தான் இருக்கிறது என்பதால், மாணவர்களை அங்கே அவசரப்படுத்தக் கூடாது. இடம் அமைந்ததும் ஒட்டுத்தாளால் நிலைப்படுத்தி, திறப்பின் விளிம்பையொட்டிக் கத்தி முனையால் கோடிட்டு, பின்னணியை அகற்றிய பிறகு வெட்ட வேண்டும்.

சுமார் 0.6 மி.மீ. கனமே உள்ள வெனீரை ஒரே அழுத்தில் அறுக்க முயன்றால், கத்தி ரேகையின் போக்கில் இழுபட்டுப் பிளந்துவிடும். ஆகவே லேசான கையோடு பலமுறை ஓட்டுவதும், கூரிய நுனிகளை நுனியிலிருந்து உட்புறமாக வெட்டுவதும், எளிதில் உடையும் மரமானால் முன்கூட்டியே ஒட்டுத்தாள் ஒட்டிக்கொள்வதும் அவசியம்.

நிழல் காட்ட வண்ணம் தேவையில்லை. சூடாக்கிய நுண்மணலில் துண்டின் விளிம்பைச் சில விநாடிகள் செருகினால், அடியில் வெப்பம் மிகுதி என்பதால் பழுப்பு நிறம் விளிம்பில் அடர்ந்து உள்ளே படிப்படியாக மங்கும். கழிவுத் துண்டில் முதலில் சோதித்து, பின்னர் உப்புத்தாள் தேய்ப்பில் சற்று வெளிறும் என்பதை எண்ணி, தேவைக்குச் சிறிது கூடுதலாகவே கருக்க வேண்டும்.

முடிந்த சித்திரத்தைப் பலகையில் ஒட்டும்போது, பலகையின் மறுபக்கத்திலும் ஒரு வெனீர் ஒட்டிவிட்டால் பலகை வளையாது.