டெஸ்ட் ஓடாமலே விழுந்த பொதி

திருநெல்வேலியில் என்னோடு சேர்ந்து டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் மென்பொருள் பொதிகளைப் பராமரிக்கும் தம்பி, ஒரு பொதி autopkgtest என்ற தானியங்கிச் சோதனையில் விழுந்ததும், "அண்ணை, புரோகிராம் கோட்டில பிழை போல" என்றான். சோதனைப் பதிவான லொக்கைத் திறந்தால், முடிவைச் சொல்லும் வெளியேறும் எண் (exit code) 12. டெஸ்ட் தோற்றிருந்தால் 4 வரும். இங்கே தேவையான பொதிகளை நிறுவவே முடியவில்லை, டெஸ்ட் ஒரு வரிகூட ஓடவில்லை. இந்த வித்தியாசத்தைப் பாராமல் புரோகிராம் கோடைக் கிளறுவது வீண்வேலை.

பொதிகளை நிறுவும் ஆப்ட் சொன்ன காரணம்: பைத்தனின் பழைய டெஸ்ட் கருவியான 'நோஸ்' கிடைக்கவில்லை. 2015க்குப் பிறகு புதுப் பதிப்பே வராத அது, நாங்கள் சோதித்த டெபியன் கிளையில் இல்லை. டெஸ்ட் கட்டுப்பாட்டுக் கோப்பில் தேவையான பொதிகளைச் சொல்லும் டிபெண்ட்ஸ் வரியில், நோஸுக்குப் பதிலாக பைடெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியைப் போட்டு, ஓட்டும் கட்டளையையும் மாற்றினோம்.

சரி, இப்போது 4. இதுதான் உண்மையான தோல்வி! பைடெஸ்ட் 8, ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன் ஓட வேண்டிய நோஸ் பாணி 'செட்டப்' முறையைக் கண்டுகொள்வதில்லை. அதை 'செட்டப்_மெதட்' என்று பெயர் மாற்றினோம். அடுத்த ஓட்டத்தில் 0, எல்லா டெஸ்டும் தேறின.