தணலில் சுட்ட ஏத்தன்பழம்

வெளியில் தங்கும் இரவுகளில் விறகுத் தீயில் செய்யும் இனிப்புக்கு நேந்திரம்பழத்தை மிஞ்சிய பழம் கிடையாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்த எனக்கு அது ஏத்தன்பழம். பூவனும் ரஸ்தாளியும் சூடு பட்ட மாத்திரத்தில் கூழாகிவிடும். ஏத்தனில் மாவுச்சத்து அதிகம். வெந்த பிறகும் துண்டு துண்டாக நிற்கும். தோலும் தடிப்பானது. அந்தத் தோலே பாத்திரம் என்பதால் சட்டியும் வேண்டாம், அலுமினியத் தாளும் வேண்டாம்.

கொல்லிமலையில் தோழியின் காப்பித் தோட்டத்துக்கு நாங்கள் குடும்பமாகப் போவதுண்டு. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சேர்ந்ததும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். இரவுச் சாப்பாடு முடிந்து, சமைத்த தீ அடங்கும் நேரமே இதற்குச் சரியான நேரம்.

பழத்தை ஊரிலிருந்தே பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். தோல் நல்ல மஞ்சளாகி, மேலே கருப்புப் புள்ளிகள் விழத் தொடங்கியிருக்க வேண்டும். காம்பில் பச்சை இருந்தால் சுட்ட பிறகும் துவர்க்கும். முழுக்கக் கறுத்த பழம் கீறும்போதே கையில் குழையும். ஆறு பேருக்கு ஆறு பழம் போதும். ஒருவரால் ஒன்றுக்கு மேல் சாப்பிட முடியாது.

உள்ளே வைக்கும் பூரணத்தை வீட்டிலேயே செய்து எடுத்துப்போவது நல்லது. இதற்குக் காரணம் உண்டு. கருப்பட்டியில் மண்ணும் தூசியும் இருக்கும். இடித்து அப்படியே தூவினால் பல்லில் நறநறவென்று கடிபடும். உருக்கி வடிகட்டித்தான் ஆக வேண்டும், அந்த வேலையை மலைமேல் இருட்டில் செய்யவேண்டியதில்லை. மேலும், துருவிய பச்சைத் தேங்காய் பயணத்தில் சீக்கிரம் கெட்டுப்போகும். பாகில் கிளறியது அவ்வளவு எளிதில் கெடாது.

100 கிராம் கருப்பட்டியைத் தட்டி, கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். அதை வாணலியில் கொதிக்க வைத்து, நுரைத்து வரும்போது அரை மூடித் தேங்காய்த் துருவலைப் போட்டுக் கிளறுங்கள். ஈரம் வற்றிச் சுருண்டு வந்ததும் மூன்று ஏலக்காயைப் பொடித்துப் போட்டு, ஒரு சிட்டிகை சுக்குத்தூள், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு தேக்கரண்டி நெய் சேர்த்து இறக்கலாம். உப்பைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கருப்பட்டியின் கரும்புகை மணத்தை எழுப்பிக் கொடுப்பது அதுதான். நன்றாக ஆறிய பிறகு எவர்சில்வர் டப்பாவில் அடையுங்கள். வெல்லத்திலும் செய்யலாம், கேட்டால் தடுக்கமாட்டேன். என் வீட்டில் கருப்பட்டி மட்டுமே.

அடுத்தது தீ. காப்புக் காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். சொந்தத் தோட்டம், அனுமதி தரும் தங்குமிடம், வீட்டுக் கொல்லை, இவை போதும். கோடையில் காய்ந்த புல் மலைச்சரிவில் எவ்வளவு வேகமாகப் பற்றி ஏறும் என்பதை 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி நமக்குக் காட்டியது. மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் அந்தக் காட்டுத்தீயில் உயிரிழந்தார்கள். காற்று வீசும் இரவில் நான் தீக்குச்சியைத் தொடவே மாட்டேன். மற்ற நாட்களிலும் சுற்றிலும் பத்தடிக்குச் சருகைக் கூட்டி, மண்தரை தெரியும்படி செய்து, இரண்டு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்த பிறகுதான் மூட்டுவது.

விறகில் புளி, பலா, சவுக்கு எல்லாம் நல்ல தணல் தரும். காப்பித் தோட்டத்தில் கவாத்துச் செய்த குச்சிகள் குவிந்து கிடக்கும். தீயைப் பிடிக்கவைக்க அவை உதவும். அரளிக் குச்சி மட்டும் கூடவே கூடாது, அதன் புகையும் நஞ்சு. சாயம் பூசிய பலகை, பிளைவுட் வேண்டாம். ஓடையில் எடுத்த ஈரக் கல்லை அடுப்புக்கு வைக்காதீர்கள். உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கல் வெடித்துத் தெறிக்கும். எனக்குப் பிடித்தது தேங்காய்ச் சிரட்டை. வீட்டிலிருந்து ஒரு பை நிறையக் கொண்டுபோய், விறகு பாதி எரிந்ததும் மேலே போட்டால் சீரான, நின்று கனலும் தணல் கிடைக்கும்.

சுவாலை இருக்கும்வரை பழத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள். தோல் கருகும், உள்ளே பச்சையாகவே இருக்கும். தணலின் மேல் வெள்ளைச் சாம்பல் படர்ந்த பிறகு, ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டி நிதானமாக ஆறு எண்ணுங்கள். ஆறுவரை தாங்க முடிந்தால் சூடு சரி. மூன்றிலேயே கை பின்வாங்கினால் இன்னும் காத்திருங்கள்.

பழத்தின் உள்வளைவில் நீளவாக்கில் ஒரே கீறல் போடுங்கள். இரு முனையிலும் ஓர் அங்குலம் விட்டுவிடவும். கத்தி அடித்தோலைத் தொடக்கூடாது. கட்டைவிரலால் மெல்ல விரித்து, இரண்டு மேசைக்கரண்டி பூரணத்தை அடைத்து, அழுத்தி மூடுங்கள். பிறகு வாழை இலைத் துண்டு ஒன்றைத் தணலுக்கு மேல் வாட்டுங்கள். வெளிர்ப்பச்சை கரும்பச்சையாக மாறி, மேலே எண்ணெய் தடவியதுபோல் பளபளப்பு ஓடும்; அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும். அதில் பழத்தைச் சுற்றி, வாழைநாரால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். சாம்பல் உள்ளே போகாது.

தணலை ஓரமாகப் பரப்பி, கீறல் மேலே இருக்கும்படி பொட்டலத்தை வையுங்கள். புரட்ட வேண்டாம், புரட்டினால் பாகு முழுவதும் நெருப்புக்குத்தான் போகும். இடுக்கியால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தணலைப் பொட்டலத்தை ஒட்டி ஒதுக்கிவிட்டால் போதும். பதினைந்து நிமிடம் ஆகும். கடிகாரத்தைவிட மூக்கை நம்பலாம். முதலில் இலை கருகும் வாசனை வரும், அடுத்து நெய்யும் ஏலக்காயும், கடைசியில் கருப்பட்டி. அந்தக் கடைசி மணம் எழும்போது மெல்லிய ‘உஸ்’ சத்தமும் கேட்கும். ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். தோல் முழுக்கக் கறுத்து, கீறலின் இரு விளிம்பும் சுருங்கி விலகி, நடுவில் பாகு சின்னச் சின்னக் குமிழாக வந்து உடைந்துகொண்டிருந்தால் பழம் வெந்துவிட்டது.

எடுத்தவுடன் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். கொதிக்கும் பாகு நாக்கைச் சுட்டுவிடும். ஐந்து நிமிடம் ஆறட்டும். தட்டு தேவையில்லை, இலையோடு மடியில் வைத்துக் கரண்டியால் தோண்டிச் சாப்பிட வேண்டியதுதான். தோலை ஒட்டிய பகுதியில் பழத்தின் சாறும் கருப்பட்டியும் சேர்ந்து பிசினாகப் பிடித்திருக்கும். அதைச் சுரண்டாமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது. இதன் மேல் சாக்லேட் ஊற்றுவதையும் பிஸ்கட் தூள் தூவுவதையும் பார்த்திருக்கிறேன். ஏத்தனுக்கு அந்த அலங்காரம் ஒன்றும் அவசியமில்லை.

ஏத்தன்பழத்துக்கு வயிற்றில் இடமில்லாதவர்களுக்குக் கொல்லிமலை அன்னாசி இருக்கிறது. தடிமனான துண்டைப் பச்சைக் கொய்யாக் குச்சியில் குத்தி, தணலுக்கு மேல் விளிம்பு கறுக்கும்வரை காட்டி, உப்பும் மிளகும் தூவுங்கள். அவ்வளவுதான்.

படுக்கப் போகுமுன் தணல்மேல் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகில் கொண்டுபோனால் சூடே தெரியக்கூடாது. சிரட்டைத் தணல் சாம்பலுக்கடியில் நெடுநேரம் உயிரோடு இருக்கும், அதனால் அதை மட்டும் தனியே ஒதுக்கி வாளித் தண்ணீரில் முக்கிவிடுவேன். டப்பாவில் பூரணம் மிஞ்சியிருந்தால் காலையில் நனைத்த அவலில் பிசைந்து கொடுங்கள்.