மாருதி 800-க்கு வேறு முன் சீட் பொருத்துவது எப்படி?

மாருதி 800 தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. ஆனால் நன்றாகப் பார்த்துக்கொண்ட வண்டி இன்றைக்கும் ஓடுகிறது. சீட்தான் முதலில் போகும். நுரை அமுங்கி, அரை மணி நேரம் ஓட்டினாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும். சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய சீட் கிடைக்கும். ஆனால் உடனே கிளம்ப வேண்டாம்.

முதல் வேலை, அளவு. சீட்டின் இரண்டு ரெயில்களும், அதாவது சீட் முன்னும் பின்னும் நகரும் தடங்களும், நான்கு போல்ட்டில் தரையோடு நிற்கின்றன. பழைய சீட்டைக் கழற்றி, அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டித் தரையில் விரித்து, நான்கு துளைகளையும் அதில் குறியுங்கள். முன் துளைக்கும் பின் துளைக்கும் உயர வித்தியாசம் இருந்தால் அதையும் எழுதுங்கள். கடையில் அந்த அட்டையைச் சீட்டின் ரெயில்மேல் வைத்தால் பொருந்துமா என்று அங்கேயே தெரிந்துவிடும். வேறு மாடல் சீட் என்றால், உங்கள் பழைய ரெயிலை அதன் அடியில் மாட்ட முடியுமா என்றும் பாருங்கள். முடிந்தால் பாதி வேலை மிச்சம்.

வாங்கும்போது சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, ரெயிலின் ஒவ்வொரு பல்லிலும் 'டக்' என்று பூட்டுகிறதா என்று ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள சீட் வேண்டவே வேண்டாம்.

கழற்றும்போது சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளினால் முன் போல்ட் தெரியும், முன்னால் தள்ளினால் பின் போல்ட். முந்தின நாளே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். போல்ட்டை ஒரே மூச்சில் திருகாமல், கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மாறி மாறி வாருங்கள். முதல் தடவை நான் ஸ்பேனரில் நீளமான பைப்பை மாட்டி அழுத்தினேன். போல்ட் தலை முறிந்து, மீதி உள்ளேயே மாட்டிக்கொண்டது. அதைத் துளையிட்டு எடுத்து மரை போடவே ஒரு நாள் போனது.

சீட் வெளியே வந்ததும் கார்பெட்டைத் தூக்கித் தரையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் முதலில் டிங்கரிங் வேலைதான். மேல் துரு மட்டும் என்றால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்தால் போதும்.

அப்புறம் புது சீட்டை இறக்கி, நான்கு போல்ட்டையும் கையாலேயே மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். நான்கும் பிடித்த பிறகே ஸ்பேனர். பழைய போல்ட் தேய்ந்திருந்தால் அதே அளவில், தலையில் 8.8 என்று (போல்ட்டின் வலிமைத் தரம்) பொறித்ததாக வாங்குங்கள். துளை சற்றுத் தள்ளி இருக்கிறது என்று ரெயிலை அறுத்துத் துளையைப் பெரிதாக்கவே கூடாது. மோதலில் சீட்டைப் பிடித்து வைப்பது அந்த நான்கு இடம்தான். தடித்த இரும்புப் பட்டையில் பிராக்கெட் செய்து மாட்டுங்கள்.

கடைசியாக உட்கார்ந்து, கிளட்ச்சை முழுக்க மிதித்து, பெல்ட்டைப் பூட்டிப் பாருங்கள். பெல்ட் இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டும், வயிற்றில் ஏறக் கூடாது. ஒரு வாரம் ஓட்டியபின் நான்கு போல்ட்டையும் மறுபடி ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.