ஊர்ப் பொறியாளர் சங்கம் கல்வி அறக்கட்டளை தொடங்குவது எப்படி?

சிவில் இன்ஜினியர்கள் சங்கம், கட்டுமானப் பொறியாளர் சங்கம் என்று தமிழ்நாட்டில் பல ஊர்களில் ஏதாவது ஒரு சங்கம் இருக்கிறது. செப்டம்பர் 15, பொறியாளர் தினத்தன்று கூட்டம் நடக்கும். ‘ஏழைப் பிள்ளைகள் படிப்புக்கு நாமும் ஏதாவது செய்யணும்’ என்று யாராவது எழுந்து சொல்வார், மேடையிலேயே பணமும் சேரும். அது சங்கத்தின் வங்கிக் கணக்கில் விழுந்து, அடுத்த குடும்ப விழாவின் சாப்பாட்டுச் செலவோடு கலந்து, எது யார் பணம் என்று பொருளாளருக்கே தெரியாமல் போகும்.

இந்தக் கலப்பைத் தடுப்பதுதான் முழு வேலையும். கீழே உள்ள படிகள் 50, 60 உறுப்பினர் உள்ள சிறிய சங்கத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

படி 1: சங்கம் வேறு, அறக்கட்டளை வேறு

சங்கம் பெரும்பாலும் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானதாக இருக்கும். அதன் நோக்கம் உறுப்பினர் நலன். வருமான வரித் துறை தர்மம் என்று ஏற்றுக்கொள்வது பொதுமக்களுக்குச் செய்வதை. ஆகவே சங்கத்தின் பெயரிலேயே 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் அனுமதி) வாங்கிவிடலாம் என்று முயன்றால், உறுப்பினர் சந்தா, சுற்றுலா, டைரி விளம்பர வருமானம் எல்லாம் கேள்விக்கு வரும். தனியாகப் பொது அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்து, அதற்குத் தனி பான் எண்ணும் தனி வங்கிக் கணக்கும் வைப்பதே நல்லது.

முதலில் சங்கத்தின் துணை விதிகளை எடுத்துப் பாருங்கள். அறக்கட்டளைக்கு நிதி தர அதில் இடம் இருக்கிறதா? இல்லையென்றால் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் போட்டு விதியைத் திருத்தி, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். உங்களுடையது தேசிய அமைப்பொன்றின் உள்ளூர்க் கிளை என்றால், தலைமையகத்தின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் அதன் பெயரையோ சின்னத்தையோ அறக்கட்டளைக்கு வைக்காதீர்கள்.

படி 2: பத்திரம்

அறக்கட்டளைப் பத்திரம் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும். நிறுவனர், அறங்காவலர்கள், இரண்டு சாட்சிகள், எல்லோருடைய அடையாள ஆவணங்கள், அலுவலக முகவரிக்கான சான்று, வாடகை இடம் என்றால் உரிமையாளரின் ஆட்சேபணையின்மைக் கடிதம் ஆகியவை தேவை. பத்திர எழுத்தர் கையில் இருக்கும் பழைய மாதிரியை அப்படியே நகல் எடுக்க விடாதீர்கள். பின்னாளில் தலைவலி தருபவை இந்த ஐந்து வாசகங்கள்தான்:

- நோக்கம்: ‘தொழில்நுட்பக் கல்வி’ என்று மட்டும் எழுதினால், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் பட்டறை நடத்துவது நோக்கத்துக்குள் வருமா என்ற கேள்வி எழும். பள்ளிக் கல்வி, ஐடிஐ, பாலிடெக்னிக், பொறியியல் கல்வி, அறிவியல் விழிப்புணர்வு எனத் தனித்தனியாக எழுதுங்கள்.
- பயனாளி: சாதி, மத வேறுபாடின்றிப் பொதுமக்கள். ‘சங்க உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை’ என்ற வரி நுழைந்தால் வரி விலக்கு நிற்காது.
- மீளப்பெற முடியாத அறக்கட்டளை என்ற வாசகம்: கொடுத்த சொத்தை நிறுவனர் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்று பொருள்.
- கலைப்பு: மூட நேர்ந்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு பதிவு பெற்ற அறக்கட்டளைக்குப் போகும், சங்கத்துக்குத் திரும்பி வராது.
- திருத்தம்: எதை, எத்தனை அறங்காவலர் ஒப்புதலோடு திருத்தலாம் என்பது. இது இல்லாவிட்டால் சிறு மாற்றத்துக்கும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும்.

அறங்காவலர்கள் ஐந்து பேர் போதும். சங்கத் தலைவரும் செயலாளரும் பதவி வழியாக வரட்டும், மற்ற மூவர் மூன்றாண்டுக் காலத்துக்கு. அந்த மூவரில் ஒருவர் பொறியாளர் அல்லாதவராக, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியராக இருந்தால் மாணவர் தேர்வு சரியாக நடக்கும். ஐவரும் பதவி வழி என்று வைத்த இடங்களில், நிர்வாகிகள் மாறும் ஒவ்வொரு முறையும் வங்கிக் கையெழுத்து மாற்றவே மாதங்கள் ஓடும். அதற்குள் கல்லூரிக் கட்டணத்துக்கான கடைசி நாள் போய்விடும். காசோலைக்கு இருவர் கையெழுத்து வேண்டும். அதில் ஒருவராவது பதவி வழி வராதவராக இருக்கட்டும்.

பத்திரச் செலவும் ஆடிட்டர் கட்டணமும் சங்கத்தின் பொறுப்பு. முதல் நன்கொடையே பதிவுச் செலவுக்குப் போனால், அடுத்த முறை கேட்கும்போது தருபவர் யோசிப்பார்.

படி 3: பான், 12ஏ, 80ஜி

பதிவான பத்திரத்தைக் கொண்டு பான் வாங்குங்கள். எண்ணின் நான்காவது எழுத்து ‘டி’ (T) என்று இருக்க வேண்டும்; அதுதான் அறக்கட்டளைக்கான குறி. வேறு எழுத்து வந்தால் விண்ணப்பத்தில் வகை தவறாகத் தேர்வாகியிருக்கிறது, உடனே திருத்துங்கள்.

அடுத்தது வருமான வரிப் பதிவு. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு. ஆடிட்டர்கள் வாயில் இன்னும் பழைய 12ஏ, 80ஜி, 10பிடி (நன்கொடையாளர் பட்டியல் படிவம்) என்ற பெயர்களே புழங்குவதால் இங்கேயும் அவையே. தாக்கல் செய்யும்போது இணையதளத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள்.

12ஏ அறக்கட்டளையின் வருமானத்துக்கு விலக்கு தருவது, 80ஜி நன்கொடை தருபவருக்குச் சலுகை தருவது. இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். புதிய அறக்கட்டளைக்கு முதலில் மூன்றாண்டுத் தற்காலிகப் பதிவுதான் கிடைக்கும். நிறையப் பேர் சறுக்கும் இடம் இது: செயல்பாடு தொடங்கி ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதம் இருக்கும்போது, எது முந்தியதோ அதற்குள் முறையான பதிவுக்கு மனுச் செய்ய வேண்டும். மூன்று வருஷம் இருக்கிறதே என்று தள்ளிப் போடாதீர்கள்.

நன்கொடை கேட்கும்போது ‘வரி முழுக்க மிச்சம்’ என்று சொல்லாதீர்கள். இத்தகைய அறக்கட்டளைகளுக்குத் தருவதில் பாதித் தொகைதான், அதுவும் வருமான வரம்புக்கு உட்பட்டு, கழிவாகும். பழைய வரி முறையில் 20 சதவீத அடுக்கில் இருப்பவர் ₹10,000 கொடுத்தால் ₹5,000 கழிந்து, செஸ் சேர்த்து ₹1,040 மிச்சம். புதிய வரி முறையில் இருப்பவருக்கு எதுவும் இல்லை. ₹2,000க்கு மேல் ரொக்கமாகத் தந்தாலும், பணத்துக்குப் பதில் கம்ப்யூட்டரோ புத்தகமோ தந்தாலும் சலுகை கிடையாது.

படி 4: பணம் வாங்கும் முறை

அறக்கட்டளைக் கணக்கின் க்யூஆர் கோடு தவிர வேறு வழியில் பணம் வாங்காதீர்கள். பொருளாளரின் சொந்த எண்ணுக்கு ஜிபே செய்துவிட்டு ‘அண்ணே, போட்டுட்டேன்’ என்பார்கள். அதை அன்றே திருப்பி அனுப்பி, சரியான கணக்குக்குப் போடச் சொல்லுங்கள். ரசீது கொடுக்கும்போதே பெயர், முகவரி, பான் எண், தொகை, பணம் வந்த வழி ஆகிய ஐந்தையும் பதிவு செய்யுங்கள். நிதியாண்டு முடிந்தபின் மே 31க்குள் நன்கொடையாளர் பட்டியலை 10பிடி படிவத்தில் ஏற்றினால்தான் அவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்கும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு ₹200 கட்டணம் உண்டு. மே மாத வெயிலில் அறுபது பேருக்குப் போன் போட்டுப் பான் எண் கேட்பது என்ன வேலை என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

படி 5: எவ்வளவு, யாருக்கு

வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டுக்குள் நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. 60 உறுப்பினர் ஆளுக்கு ₹1,000 தருவதாக வைத்துக்கொள்வோம். ₹60,000இல் 85 சதவீதம் ₹51,000. இதை இப்படிப் பிரிக்கலாம்: எட்டு மாணவர்களுக்குத் தலா ₹5,000 வீதம் ₹40,000, இரண்டு பள்ளிப் பட்டறைகளுக்கு ₹8,000, நிர்வாகத்துக்கு ₹3,000.

முதல் வருஷமே மூலதன நிதி (அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிக்கும் நிதி) சேர்க்கும் ஆசை வேண்டாம். ₹5 லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டாலும் ஆண்டுக்கு ₹35,000தான் வரும். மூலதனமாக வாங்குவதானால், ‘மூலதன நிதிக்கு’ என்று தருபவரிடமே எழுதி வாங்கி, வங்கி வைப்பு போன்ற அனுமதிக்கப்பட்ட முதலீடுகளில் தனியாக வையுங்கள்.

யாருக்குத் தருவது என்பதில் அரசு எதைத் தருகிறது என்று முதலில் பாருங்கள். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தவரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ₹1,000 வருகிறது. இவர்களுக்கே மறுபடி கட்டணம் கட்ட முனைவது வீண். இடைவெளி வேறிடத்தில் இருக்கிறது: சேர்ந்த முதல் இரண்டு மாதப் பேருந்துச் செலவு, மினி டிராஃப்டர், வரைபலகை, பட்டறைச் சீருடை, பாதுகாப்பு ஷூ. அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவர் 7.5 சதவீதத்தில் வரமாட்டார், அவர்களையும் தேடுங்கள்.

ஒரு பக்கத் தமிழ் விண்ணப்பம், வருமானச் சான்று, தலைமை ஆசிரியர் கடிதம், சேர்க்கைச் சான்று போதும். பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கோ கல்லூரிக்கோ நேரடியாகப் போகட்டும். ஒருவருக்கு ஒரே நாளில் ₹10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவுக் கணக்கில் சேராது. அறங்காவலரின் பிள்ளைக்கோ, அவர் உடன்பிறந்தவரின் பிள்ளைக்கோ கொடுத்தால் விலக்குக்கே ஆபத்து. நன்கொடை மார்ச்சில் வரும், தேவை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இருக்கும். மே மாதமே விண்ணப்பம் வாங்கிவிடுங்கள். மாணவர் கையில் பெரிய அட்டைக் காசோலையைக் கொடுத்துப் படம் எடுப்பதை விட்டுவிடலாம். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது கூச்சம்.

படி 6: முதல் பள்ளிப் பட்டறை

அரசுப் பள்ளிக்குள் போக முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்துபூர்வ அனுமதியும் தலைமை ஆசிரியரின் சம்மதமும் வேண்டும். பொருளாக ஏதாவது கொடுக்க விரும்பினால் அரசின் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி’ வழியாகப் போங்கள்.

தொடக்கத்துக்குக் காகிதப் பாலம் நல்லது. ஐஸ் குச்சிப் பாலம் படத்தில் அழகாக இருக்கும், ஆனால் ஃபெவிகால் முழுதாக இறுகச் சுமார் ஒரு நாள் ஆகும். 90 நிமிட வகுப்பில் ஈரமான மூட்டுகள் எல்லாம் பிரியும்.

40 மாணவர், 8 குழு. தேவையானவை: 75 ஜிஎஸ்எம் ஏ4 தாள் 80, செல்லோ டேப் 8, அளவுகோல் 8, காகிதக் கப் 8, காய்ந்த மணல் 5 கிலோ, 5 கிலோ வரை அளக்கும் சமையலறைத் தராசு 1. ஒரே உயரமுள்ள இரண்டு நோட்டு அடுக்குகளை 20 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். தட்டையான தாளை மேலே போட்டு அதன் மேல் கப்பை வைத்தாலே தொய்ந்து விழும். பிறகு அதே தாளை, நீளவாக்கில், 1 செ.மீ.க்கு ஒரு மடிப்பாக விசிறி போல மடிக்கச் சொல்லுங்கள். மடிப்புகள் பாலத்தின் நீளத்தோடு ஓட வேண்டும். குறுக்கே மடித்த குழுவின் பாலம் அகார்டியன் போல விரியும். சரியாக மடித்ததன் மேல் கப்பை வைத்து, அதில் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினால் சில நூறு கிராம் வரை தாங்கும்.

அடுத்து மடிப்பின் உயரத்தை மாற்றச் சொல்லுங்கள். 2 செ.மீ. ஆக்கினால் விறைப்பு கூடும். அந்த உற்சாகத்தில் 4 செ.மீ. போடும் குழு தோற்கும், ஏனென்றால் மெல்லிய சுவர் நெளிந்து சரியும். பாலங்களில் வரும் எஃகுத் தகடு உத்திரங்களின் பக்கச் சுவரில் ஏன் விறைப்பான் பட்டைகள் பற்றவைக்கிறார்கள் என்பதை இந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும், முன்னாலேயே அல்ல. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதியைப் பற்றிக் கட்டாயம் யாராவது கேட்பார்கள்; படம் கையில் இருக்கட்டும்.

கெடுபவை சில. மின்விசிறியை நிறுத்த மறந்தால் தாள் பறக்கும். மழைநாளில் ஈரம் ஏறிய தாள் துவளும், கட்டைப் பிரிக்காமல் கொண்டு போங்கள். தாளின் இரு முனைகளையும் நோட்டோடு ஒட்டிவிட்டால் அது உத்திரமாக வேலை செய்யாமல் தொங்கு கயிறாக இழுபடும். முடிவுகளை ஒப்பிட முடியாது. பாரம் மையத்தில் இல்லாவிட்டாலும் அப்படித்தான். எல்லாவற்றையும் விட அதிகம் கெடுப்பது, நம் ஆள் ஒருவர் மைக்கைப் பிடித்து அரை மணி நேரம் பேசுவது. முன்னுரைக்கு ஐந்து நிமிடம் போதும்.

வெளிநாட்டுப் பணமும் கம்பெனிப் பணமும்

துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும், இந்தியக் குடியுரிமை உள்ள நண்பர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. அவர் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், ஆகும். அதை வாங்க 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு வேண்டும். வழக்கமான பதிவுக்கு மூன்றாண்டுச் செயல்பாடும் அந்த மூன்றாண்டில் ₹15 லட்சம் செலவும் காட்ட வேண்டும். சிறிய அறக்கட்டளைக்கு அது எட்டாது. எனவே ரசீதுப் படிவத்திலேயே குடியுரிமைக்கு ஒரு கட்டம் போட்டு, பணம் வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

உள்ளூர் ஆலைகளின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியைக் கேட்க 12ஏ, 80ஜி இரண்டும் கையில் இருக்க வேண்டும், அந்த நிதிக்கான பதிவுப் படிவமான சிஎஸ்ஆர்-1 தாக்கலும் ஆகியிருக்க வேண்டும். மூன்றாண்டு அனுபவமும் கேட்பார்கள். அதுவரை ஒவ்வொரு பட்டறைக்கும் அனுமதிக் கடிதம், வருகைப் பட்டியல், பில் மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். அந்தக் கோப்பைத்தான் கேட்பார்கள்.