ஆகஸ்ட் புழுக்கமும் வெப்பநிலை நோட்டும்: புதிதாகக் குறிப்பெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்திரி போனதும் வெயிலும் போய்விடும் என்று சென்னையில் யாரும் நம்புவதில்லை. ஜூன் பாதிவரை மே மாதம் போலவே காயும். அப்புறம் ஆகஸ்ட், செப்டம்பரிலும் மேற்குக் காற்று வலுத்த நாட்களில் கடற்காற்று மதியம் மூன்று மணி வரை உள்ளே வர முடியாமல் நின்றுவிடும், 36, 37 டிகிரியோடு புழுக்கமும் சேர்ந்து ஆளை உலுக்கி எடுத்துவிடும். இப்படி ஒரு வாரம் போனால் போதும், யாராவது ஒருவர் புது சென்சார் வாங்கி மொட்டை மாடியில் மாட்டிவிட்டு எனக்கு எக்செல் கோப்பு அனுப்புவார். திறந்து பார்த்தால் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் செய்த அதே பிழைகள்.

சென்சாரை வெயில் படும்படி மாட்டக் கூடாது, ஏசியின் வெளிப்பெட்டி பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காலை ஈரப்பதத்தை மதிய வெப்பத்தோடு சேர்ப்பது

"இன்று 36 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம், உடல் உணரும் வெப்பம் 50க்கு மேல்" என்று பதறிப்போய் எழுதுகிறார்கள். அந்த 85 சதவீதம் காலை எட்டரை மணிக்கு, 28 டிகிரி இருக்கும்போது எடுத்தது. காற்றில் இருக்கும் நீராவி மாறாமலே இருந்தாலும், வெப்பம் 36க்கு ஏறும்போது ஒப்பு ஈரப்பதம் 55 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். ஆகவே சதவீதத்தை விட்டுவிட்டு டியூ பாயிண்டை, அதாவது பனிநிலையை (காற்று எத்தனை டிகிரிக்குக் குளிர்ந்தால் நீர் துளிக்கத் தொடங்குமோ அந்த அளவு), குறித்து வையுங்கள். காற்றில் உண்மையிலேயே எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதை அதுதான் காட்டும். அது 24 டிகிரியைத் தாண்டினால் புழுக்கம், 26ஐத் தாண்டினால் மின்விசிறிக்கு அடியிலும் சட்டை முதுகில் ஒட்டும்.

போன செப்டம்பரில் ஒரு நாள் மதியம் 2.50க்கு மாடியில் நின்றிருந்தேன். 36.8 டிகிரி, பனிநிலை 21. கொடியில் கிடந்த வேட்டி அதுவரை கிழக்கே பறந்துகொண்டிருந்தது, சட்டென்று தொங்கியது, அப்புறம் மேற்கே திரும்பிப் பறந்தது. கால் மணி நேரத்தில் வெப்பம் 33.9, பனிநிலை 26. டிகிரி மூன்று குறைந்தும் கசகசப்பு கூடிவிட்டது. வெறும் அதிகபட்ச வெப்பத்தை மட்டும் எழுதியிருந்தால் அன்றைய நாளின் பாதிக் கதை நோட்டில் ஏறியிருக்காது.

இரவை மறப்பது

ஈரமான காற்றும் மேகமும் சேர்ந்தால் தரை இரவில் தன் சூட்டை விட முடியாது. பகலில் எந்தச் சாதனையும் உடையாத வாரத்தில்கூட, விடியற்காலை குறைந்தபட்சம் 29க்குக் கீழே இறங்காமல் போகலாம். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதுதான் கஷ்டம், தூக்கமே இருக்காது. "மிக அதிகமான குறைந்தபட்சம்" என்று ஒரு தனிப் பத்தி (நெடுவரிசை) போட்டு வையுங்கள்.

எதை மாற்றினோம், எப்போது மாற்றினோம் என்று எழுதாமல் விடுவது

இதைப் பற்றித்தான் நீளமாகப் பேச வேண்டும். இந்தத் தவறுக்கு என் ஆறு வருட உழைப்பைக் கொடுத்திருக்கிறேன், இன்னொருவர் கோப்பில் அதையே பார்த்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

2014இல் வீட்டு மாடியில் மேற்குப் பக்கம் வெப்பமானிக்கான வெள்ளைப் பெட்டி வைத்துக் குறிப்பெடுக்கத் தொடங்கினேன். பக்கத்து வீட்டுத் தூங்குமூஞ்சி மரம் மாலையில் அந்தக் கைப்பிடிச் சுவர் முழுவதும் நிழல் போட்டுக்கொண்டிருந்தது. 2016 டிசம்பர் 12, வார்தா புயல் நகரத்தின் மரங்களைச் சாய்த்த நாளில் அதுவும் சாய்ந்தது. அன்று எவ்வளவு மழை, எந்தத் திசைக் காற்று என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன், மரம் விழுந்தது என்று ஒரு வரி இல்லை. அதன் பிறகு மேற்குச் சுவர் மாலை வெயிலை முழுக்க வாங்கி இரவெல்லாம் வெளியே விட்டது. அடுத்த வருடம் எப்போதோ மாடிக்கு வெள்ளை டைல்ஸ் போட்டோம், தரைச் சூடு குறைந்தது. பிறகு புதுத் தண்ணீர்த் தொட்டிக்காகக் கொத்தனார் பெட்டியை எட்டடி தள்ளி வைத்தார். எதற்குமே தேதி இல்லை.

2019இல் நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன், எங்கள் பகுதியில் செப்டம்பர் இரவுகள் முன்பைவிட ஒரு டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டன என்று. ஒரு பள்ளி ஆசிரியர் அந்தப் பட்டியலை வாங்கி மாணவர்களின் செயல்திட்டத்துக்குக் கொடுத்தார். வானிலைக் கருவிகளோடு வாழ்நாள் முழுவதும் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "தம்பி, பெட்டியைச் சுற்றி என்னவெல்லாம் மாறிச்சு?" என்னிடம் பதில் இல்லை. மீனம்பாக்கம் விமான நிலைய வானிலை நிலையத்தின் குறைந்தபட்சத்தை என் குறைந்தபட்சத்திலிருந்து கழித்து நாள் வாரியாக ஒரு பத்தி போடச் சொன்னார். போட்டால், புயலுக்கு அடுத்த மாதங்களிலேயே அந்த வித்தியாசம் படியேறியதுபோல் மேலே போயிருந்தது. வானிலை மாறியிருந்தால் இரண்டு இடத்திலும் சேர்ந்து ஏறியிருக்க வேண்டும், என் மாடியில் மட்டும் ஏறினால் அது என் சுவரின் சூடு. மரம் விழுந்த தேதியாவது ஊருக்கே தெரியும். டைல்ஸ், தொட்டி இரண்டும் போட்ட தேதியை இன்றுவரை என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, ஆகவே அந்த ஆறு வருட எண்களைத் துண்டு துண்டாகத்தான் பயன்படுத்த முடிகிறது. பிள்ளைகளிடம் போய், நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உலகின் மிக அதிக வெப்பம் என்ற சாதனையே இப்படி ஆட்டம் கண்டிருக்கிறது. லிபியாவின் அல் அஸீஸியாவில் 1922 செப்டம்பர் 13 அன்று பதிவானதாகச் சொல்லப்பட்ட 58 டிகிரி 90 வருடம் பாடப்புத்தகங்களில் இருந்தது. 2012இல் உலக வானிலை அமைப்பு அதை ரத்து செய்தது. பழைய பதிவேட்டின் மூலத்தாளை எடுத்துப் பார்த்தபோது சாதனைக்கு ஓரிரு நாள் முன்பு கையெழுத்தே மாறியிருந்தது, எண்கள் தவறான பத்தியில் ஏறியிருந்தன. அனுபவமில்லாத புதிய ஆள் வெப்பமானிக்குள் இருக்கும் ஊசியின் தவறான முனையைப் படித்து ஏறத்தாழ 7 டிகிரி கூட்டி எழுதியிருக்கலாம் என்று முடிவு செய்தார்கள். அதன் பிறகுதான் டெத் வேலியின் 56.7, 1913 ஜூலை 10இல் பதிவானது, முதலிடத்துக்கு வந்தது. அந்தத் தாள் இருந்ததால் பிழையைப் பிடிக்க முடிந்தது. என்னிடம் மாற்றங்களைச் சொல்லும் அப்படியொரு தாளும் இல்லை.

போன மாதம் வந்த ஒரு கோப்பில் இரண்டு வெவ்வேறு சென்சார்களின் எண்கள் ஒரே பத்தியில், நடுவில் ஒரு கோடுகூட இல்லாமல். பெயிண்ட் அடிக்கக் கழற்றினோம், அப்போது வேறு மாட்டினோம், எந்த மாதம் என்று ஞாபகம் இல்லை என்கிறார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கருவியின் வரிசை எண், தரையிலிருந்து உயரம், அடியில் புல்லா சிமெண்டா, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நாலு திசையிலும் எடுத்த படம் (வருடத்துக்கு ஒரு முறை), இவ்வளவும் முதல் நாளே நோட்டில் ஏற வேண்டும். கருவி மாற்றினால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் குறைந்தது ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஓட விடுங்கள். பக்கத்து வீட்டில் மரம் வெட்டினால் அன்றே எழுதுங்கள்.

அண்டை நிலையத்தைப் பார்க்காமல் சாதனை அறிவிப்பது

2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 காட்டியது. நாடு முழுவதும் செய்தியானது. அதே நாளில் டெல்லியின் மற்ற நிலையங்கள் 50ஐத் தொடவில்லை. சென்சார் 3 டிகிரி கூட்டிக் காட்டியது என்று வானிலைத் துறை பிறகு விளக்கியது.

நுங்கம்பாக்கத்தையும் மீனம்பாக்கத்தையும் கலப்பது

இரண்டும் சென்னையின் வானிலை நிலையங்கள்தான், ஆனால் ஒன்று கடலுக்குக் கிட்டே, மற்றொன்று உள்ளே தள்ளி விமான நிலையத்தில். கடற்காற்று தாமதமாகும் நாளில் முதலில் எதைத் தொட்டது என்பதிலேயே ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் வந்துவிடும். இன்றைய மீனம்பாக்கம் எண்ணை எடுத்து நுங்கம்பாக்கத்தின் பழைய சாதனையோடு வைத்து "உடைந்தது" என்று எழுதக் கூடாது. பழைய காலத்துக்குப் போனால் இன்னும் கவனம் வேண்டும். மெட்ராஸ் வானாய்வகம் 1792இல் வந்துவிட்டது, காற்று மட்டும் புகுந்து வெயில் புகாத ஸ்டீவன்சன் பெட்டியோ 1860களில்தான் உருவானது.

செயலி காட்டும் எண்

அது கணினி போட்ட கணக்கு, உங்கள் தெருவில் யாரும் அளந்ததல்ல. நோட்டில் ஏற்றாதீர்கள்.

"வரலாறு காணாத"

நாலு வருட எண்களுக்கு இந்தச் சொல் வேண்டாம். இயல்பு என்று வானிலைத் துறை சொல்வதே 30 வருடச் சராசரி.

நாள் எப்போது தொடங்குகிறது என்று முடிவு செய்யாதது

ஆகஸ்டில் இரவு பத்தரைக்கு இடிமழை கொட்டி 31லிருந்து 24க்கு இறங்குகிறது. நள்ளிரவில் தேதியை மாற்றும் கருவி அதை இன்றைய குறைந்தபட்சமாக எழுதும். காலை 8.30க்கு முடியும் 24 மணி நேரத்தைப் பார்க்கும் வானிலைத் துறைக் கணக்கில் அது நாளைய தேதியில் வரும். இரண்டில் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், எது என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.