ஒளிர்ந்தது நியூரோபெப்டைடு அல்ல: என் அனுபவம்

ஐசீனியா ஃபெட்டிடா மண்புழுவின் வயிற்றுப்புற நரம்பு நாணில் எஃப்எம்ஆர்எஃப்அமைடு வகை நியூரோபெப்டைடுகள் (நரம்பணுக்கள் சைகைக்குப் பயன்படுத்தும் சிறு புரதத் துண்டுகள்) இருக்கும் இடங்களை, அவற்றைப் பற்றிக்கொள்ளும் முதல்நிலை எதிர்ப்பொருளும் அதன்மேல் ஒட்டும் பச்சைச் சாயமிட்ட இரண்டாம்நிலை எதிர்ப்பொருளும் கொண்டு குறிக்க முயன்றபோது, ஒவ்வொரு உடற்கண்டத்திலும் பச்சைப் புள்ளிகள் கொத்துக்கொத்தாக ஒளிர்ந்தன. அவற்றை நரம்பணுக்கள் என்றே முதலில் எண்ணிவிட்டேன். ஆனால் அடுத்தடுத்த மாதிரிகளில் அவற்றின் அமைவிடம் ஒத்துப்போகவில்லை.

முதல்நிலை எதிர்ப்பொருளை மேலும் நீர்க்கச் செய்தேன், எதிர்ப்பொருள் கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்கும் சீரத்தின் அளவைக் கூட்டினேன், இரவு முழுவதும் கழுவினேன், எதுவும் பலிக்கவில்லை. எதிர்ப்பொருளே சேர்க்காத மாதிரியை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும், ஐந்தாம் நாள்தான் பார்த்தேன்: அதிலும் அதே பச்சை.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். அந்த ஒளி நரம்பணுக்களுக்குள் இல்லை, நாணின் உறைமேல் ஒட்டியிருந்தது. உற்றுப்பார்க்கும்போதே விரைவாக மங்கியது. இப்புழுவின் உடற்குழித் திரவத்தில் மிதக்கும் எலியோசைட் செல்களில் ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) செறிந்திருப்பதால் அவை தாமாகவே பச்சையாக ஒளிரும். அறுக்கும்போது சிந்திய செல்கள் நாணில் படிந்திருந்தன.

எனவே திசுவை வேதிப்பொருளால் நிலைப்படுத்துவதற்கு முன் நாணை உப்புக்கரைசலில் பலமுறை அலசினேன். ரைபோஃபிளேவினின் ஒளி குறுக்கிடாதிருக்க, இரண்டாம்நிலை எதிர்ப்பொருளின் சாயத்தையும் பச்சையிலிருந்து தொலைசிவப்புக்கு மாற்றினேன். அதன்பின் தெரிந்த செல்கள் மாதிரிக்கு மாதிரி ஒரே இடத்தில் அமைந்தன. எதிர்ப்பொருளை அதே பெப்டைடுடன் முன்கூட்டியே கலந்து சோதித்தபோது அவை மறைந்தன; அதாவது, இம்முறை ஒளி எதிர்ப்பொருளிலிருந்தே வந்தது.